துணை: இல்லை, ஒன்று வேண்டும்

அந்தக் கட்டடத்தில் இரண்டு லிஃப்ட். ஒன்றுக்குச் சிவப்புக் கதவு, இன்னொன்றுக்கு நீலக் கதவு. இரண்டும் கிளம்புவது ஒரே கூடத்திலிருந்து, போய்ச் சேர்வது ஒரே மூன்றாம் மாடிக்கு. இறங்கியதும் எதிரே இருக்கிற ஒரே அறைக்குள்தான் எல்லோரும் போகிறார்கள். ஆனாலும் சிவப்புக் கதவில் ஏற வேண்டியவர் நீலக் கதவில் ஏறிவிட்டால் அன்றைக்குச் சபை ஒத்திவைக்கப்படும். மாதம் ஒரு முறை போய் இரண்டு லிஃப்டுக்கும் எண்ணெய் போட்டு, கம்பி வடத்தைப் பார்த்து, கதவு சென்சாரைத் துடைத்துவிட்டு வருவது என் வேலை. நான் லிஃப்ட் மெக்கானிக்.

வாசல் பலகையில் 'விளையாட்டுப் பெட்டி ஒப்பாய்வு மன்றம்' என்று போட்டிருக்கும். டிவியில் செருகி வீடியோ கேம் ஆடுகிறோமே, அந்தப் பெட்டிகளில் சிவப்புப் பெட்டி சிறந்ததா, நீலப் பெட்டி சிறந்ததா என்று தீர்த்துவைப்பதற்காகத் தொடங்கப்பட்ட மன்றம் அது. ஆறு மாதத்தில் தீர்ப்புச் சொல்லிக் கலைந்துவிடுவதாக முதல் நாளே தீர்மானம் போட்டார்கள். இது பத்தொன்பதாவது வருஷம். கலைவதைப் பற்றிய தீர்மானத்தைத் தவிர மற்ற எல்லாத் தீர்மானமும் நிறைவேறியிருக்கிறது.

எனக்கென்ன வந்தது என்று எண்ணெய்க் கேனைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிற ஆள்தான் நான். ஒரு நாள் சிவப்பு லிஃப்டின் கண்ணாடியில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தது. 'விளையாட்டில் ஆர்வமுள்ளோர் உறுப்பினராகலாம்.' அதே அறிவிப்பு நீல லிஃப்டிலும் இருந்தது, வேறு எழுத்தில். ஆர்வமுள்ளோர் என்று படித்ததும் என் கை நின்றுவிட்டது.

என் மனைவி போய் எட்டு மாதம் ஆகிறது. நாங்கள் இருவரும் பதினாறு வருஷமாக ஒரே ஒரு கேம் ஆடிக்கொண்டிருந்தோம். குதித்துக் குதித்துப் போகிற ஆட்டம். பலகை விட்டுப் பலகை தாவ வேண்டும், குழியில் விழாமல் போக வேண்டும், அவ்வளவுதான். அதில் ஒரு தவளை, ஒரு கோழி. ஆரம்பித்த அன்றே கோழியை அவள் எடுத்துக்கொண்டாள். "உங்களுக்குத் தவளைதான் சரி. யாராவது கத்துனாத்தான் நகருவீங்க" என்றாள். நான் வேலையிலிருந்து வந்து கை கழுவியதும் ஆரம்பிப்போம். நடுவில் அடுப்பைப் பார்க்க எழுந்து போவாள். கொஞ்ச நேரம் யாரும் பட்டனைத் தொடவில்லையென்றால் அந்தக் கோழி தவளை பக்கம் திரும்பி இரண்டு முறை கொக்கரிக்கும். "பாருங்க, நான் இல்லாட்டியும் அது உங்களைத் திட்டுது" என்று சமையலறையிலிருந்து சிரிப்பாள்.

முப்பத்தோராம் கட்டத்தில் ஒரு பாலம் வரும். இரண்டு தொங்கு பலகை. தவளையும் கோழியும் ஒரே நொடியில் குதிக்க வேண்டும். ஒருவர் முந்தினாலும் இரண்டு பலகையும் அறுந்துவிடும். மூன்று எண்ணியதும் குதிப்பது என்று பேச்சு. "ஒண்ணு, ரெண்டு" என்பாள், ரெண்டிலேயே குதித்துவிடுவாள். ஆயிரம் முறை சொல்லிப் பார்த்தேன். "எனக்கு மூணு வரைக்கும் பொறுமை இல்லைங்க" என்பாள். எல்லாவற்றிலும் அப்படித்தான். எனக்கு முன்னால் போய்விட்டாள்.

அவள் போகும்போது கோழிக்கு ஒன்பது உயிர் மிச்சம் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பொறுக்க முடியாமல் இரண்டு ஜாய்ஸ்டிக்கையும் இரண்டு கையில் வைத்துக்கொண்டு நானே அந்தப் பாலத்தை முயன்றேன். இரண்டு உயிரைப் போக்கிவிட்டேன். மறுபடி தொடப் பயமாகிவிட்டது. அந்த ஆட்டத்தின் கேசட்டுக்குள் என் மனைவிக்கு இன்னும் ஏழு உயிர் இருக்கிறது.

அதுவும் எத்தனை நாளைக்கோ. டிவியில் படம் நடுங்குகிறது என்று கேசட்டை ரிப்பேர்க் கடையில் காட்டினேன். கடைக்காரர் அதைக் காதருகே ஆட்டிப் பார்த்தார். "உள்ள சின்னதா ஒரு பட்டன் பேட்டரி இருக்குங்க. அதோட தயவுலதான் நீங்க விட்ட இடம் ஞாபகத்துல நிக்குது. அது தீர்ற நிலைமையில இருக்கு."

"புதுசு போட்டுடுங்களேன்."

"போடலாம். கழட்டுன நிமிஷமே எல்லாம் அழிஞ்சிடும். முதல் கட்டத்துலருந்து ஆரம்பிக்கணும். பரவால்லயா?"

பரவாயில்லை என்று சொல்ல என்னால் முடியவில்லை. கேசட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன். அன்றைக்கே முடிவு செய்தேன், பேட்டரி தீர்வதற்குள் அந்தப் பாலத்தைத் தாண்டி ஆட்டத்தை முடித்துவிடுவது என்று. அதற்கு ஒரு ஆள் வேண்டும். வேறு ஊரில் இருக்கும் மகளிடம் போனில் கேட்டேன்.

"ஆன்லைன்ல ஆடுங்களேன்பா. எவ்ளோ பேர் இருக்காங்க."

"இந்தப் பெட்டிக்கு அதெல்லாம் தெரியாதும்மா."

"அப்ப புதுசு ஒண்ணு வாங்குங்க."

புதுசில் உன் அம்மா இல்லையே என்று அவளிடம் எப்படிச் சொல்வது? சரிம்மா, வைக்கட்டுமா என்றேன்.

ஆகவே மன்றத்தின் தரைத்தளத்தில் பதிவு குமாஸ்தாவின் மேஜை முன்னால் போய் நின்றேன். ஐம்பது வயதிருக்கும். முழுக்கைச் சட்டை, காதோரம் பென்சில், மேஜையில் ஒருவருக்கான டிபன் டப்பா. பத்தொன்பது வருஷமாக அதே நாற்காலியில் இருப்பவர்.

"எந்தப் பக்கம்?" என்றார் தலை நிமிராமல்.

"எந்தப் பக்கமும் இல்லைங்க. என்கிட்ட இருக்கறது சாம்பல் கலர் பெட்டி. அந்தக் கம்பெனியை மூடியே ரொம்ப வருஷமாச்சு."

இப்போது நிமிர்ந்தார். "சாம்பலுக்குக் கட்டம் இல்லையே."

"நடுவுலன்னு போட்டுக்கங்களேன்."

"நடுவுல தலைவர் மட்டும்தான் இருக்கலாம். வேற யாரும் இருந்தா நெரிசலாயிடும்." யோசித்தார். ஸ்கேலை எடுத்துச் சிவப்புக் கட்டத்துக்கும் நீலக் கட்டத்துக்கும் கீழே பென்சிலால் குட்டியாக ஒரு கட்டம் போட்டார். "பென்சில்லதான் போட்டிருக்கேன். யாராவது ஆட்சேபிச்சா அழிச்சிடலாம். மீதியை நீங்களே நிரப்புங்க."

பெயர், வயது, விலாசம், தொழில் என்று வரிசையாகப் போயிற்று. பதிமூன்றாவது கட்டம்: 'வீட்டில் எத்தனை பேர்?' ஒருவர் என்று எழுதினேன். பதினான்காவது கட்டத்தில் ஒரே ஒரு சொல்: 'துணை'.

எட்டு மாதமாகச் சொந்தக்காரர்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள், கூட வேலை பார்ப்பவர்கள் எவரும் வாய்விட்டுக் கேட்காததை ஒரு படிவம் கேட்டுவிட்டது. வெட்கத்தை விட்டு எழுதினேன்: 'இல்லை. ஒன்று வேண்டும்.'

குமாஸ்தா படித்துப் பார்த்து முத்திரை குத்தினார். "பரிசீலிப்பாங்க" என்றார்.

சபை கூடுகிற நாளில் சிவப்பு லிஃப்டை நோக்கிப் போனவனைக் காவலாளி மறித்தார். நான் எந்தக் கதவிலும் ஏறக்கூடாதாம். நேற்றுத்தான் இரண்டையும் சரிபார்த்தேன் என்றேன். மெக்கானிக்காக வந்தால் ஏறலாம், சாம்பல் உறுப்பினராக வந்தால் படிக்கட்டுதான் என்றார். படியில் எனக்கு முன்னால் மன்றத் தலைவர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறிக்கொண்டிருந்தார். நடுநிலை தவறக்கூடாது என்பதற்காகப் பத்தொன்பது வருஷமாகப் படியேறி முழங்கால் இரண்டையும் தேய்த்துக்கொண்டவர்.

"லிஃப்ட்ல ஏற விடலைங்க" என்றேன்.

"சரியான விதி" என்றார் மூச்சு வாங்கிக்கொண்டே. "நான்தான் எழுதினேன்."

சபையின் நடுவே கண்ணாடிப் பேழையில் ஒரு சிவப்புப் பெட்டியும் ஒரு நீலப் பெட்டியும் இருந்தன. இரண்டுக்கும் அரக்கு முத்திரை. வயர் எதிலும் செருகப்படவில்லை. அந்த அறையில் டிவியே கிடையாது. இந்தப் பக்கம் சிவப்பணி, அந்தப் பக்கம் நீலவணி. இரண்டு அணித் தலைவர்களும் பள்ளிக்கூட நாளில் ஒரே தெருவில் இருந்தவர்கள் என்று குமாஸ்தா காதைக் கடித்தார். அன்றைய விவாதம், தாவல் ஆட்டங்களில் எது உயர்ந்தது என்பது.

சிவப்பணித் தலைவர் எழுந்தார். "எங்கள் வீரன் ஓடிக்கொண்டே தாவுகிறான். நின்று தாவுவதை நாங்கள் தாவல் என்றே ஒப்புக்கொள்வதில்லை. அது எம்புதல்!"

நீலவணித் தலைவர் விடவில்லை. "எங்கள் வீரன் ஒரு தாவலுக்கு நடுவே காற்றிலேயே இன்னொரு தாவல் தாவுகிறான். அது மட்டுமா? குழி என்று எடுத்துக்கொண்டாலும் எங்கள் குழியே ஆழமானது. எங்கள் வீரன் விழுந்தால் விழுந்ததுதான்!"

நீலவணி மேஜையைத் தட்டியது. எவனுடைய வீரன் அதிகம் விழுந்தான் என்பதில் ஒரு மணி நேரம் போயிற்று. குதிக்கும்போது கால் தரையை விட்டுப் போகிறதா, தரை காலை விட்டுப் போகிறதா என்ற பழைய பிரச்சினைக்கு அதன்பின் வந்தார்கள். அதற்கென்று ஒரு துணைக்குழு இருந்தது. துணைக்குழுவுக்கு ஒரு துணைத்தலைவர், அவருக்கு ஒரு துணைச்செயலர், அவர் படித்தது ஒரு துணைவிதி. இத்தனை துணை இருக்கிற இடத்தில் எனக்கு ஒன்று கிடைக்காதா என்று நினைத்துக்கொண்டு கையைத் தூக்கினேன்.

"ஐயா, ஒரு சின்ன விஷயம். இங்க யாராவது சாயங்காலம் அரை மணி நேரம் எங்க வீட்டுக்கு வந்து என்கூட ஆட முடியுமா? ஒரே ஒரு பாலம்தான்."

"ஆடறதா?" என்றார் சிவப்பணித் தலைவர். "ஆடறதாமே!" என்றார் நீலவணித் தலைவர். பத்தொன்பது வருஷத்தில் இருவரும் ஒரே கருத்தைச் சொன்னது அப்போதுதான் என்று நடவடிக்கைக் குறிப்பில் பதிவானது.

தலைவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "புதிய உறுப்பினர் அறியாமல் கேட்டுவிட்டார். ஆடினால் என்ன ஆகும்? ஒரு பெட்டி பிடித்துவிடும். பிடித்துவிட்டால் அதைப் பற்றி நியாயமாகப் பேச முடியுமா? நான் இதுவரை ஒரு பட்டனைக்கூட அமுக்கியதில்லை. என் தீர்ப்பில் அழுக்குப் படாமல் இருப்பதற்கு அதுதான் காரணம். இந்த மன்றத்தில் ஒருவர்கூட ஒரு ஆட்டமும் ஆடியதில்லை என்பதைவிட நமக்கு வேறு பெருமை என்ன வேண்டும்?"

இரண்டு பக்கமும் எழுந்து நின்று கைதட்டியது. நானும் தட்டினேன். உட்கார்ந்திருந்தால் தனியாகத் தெரிந்திருப்பேன்.

அதன்பின் அவர்கள் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். சாம்பல் என்பது சிவப்பு எரிந்தபின் மிஞ்சுவது, ஆகவே அது எங்களுடையது என்றது சிவப்பணி. சாம்பல் மேகத்தின் நிறம், மேகம் இருப்பது வானத்தில், வானம் நீலம் என்றது நீலவணி. அடுத்த அமர்வில் சிவப்பணியில் யாரோ யோசித்து, 'எங்களை எரித்தது யார்?' என்று எழுந்தார்கள். அன்று வெளிநடப்பு; இரண்டு லிஃப்டும் ஒரே நேரத்தில் கீழே போய்ப் பாதியில் நின்றதில், சரிசெய்ய என்னைத்தான் கூப்பிட்டார்கள். ஐந்தாவது அமர்வில் என் கேசட்டைச் சான்றாக எடுத்துக் கண்ணாடிப் பேழைக்குள் வைத்து அரக்குக் குத்த வேண்டும் என்று இரு தரப்பும் கேட்டன.

"அது முடியாதுங்க" என்றேன். சட்டைப் பையைக் கையால் பொத்திக்கொண்டேன். "அதுல என் வீட்டுக்காரி ஆட்டம் பாதியில நிக்குது."

"பாதியில் நிற்கும் ஆட்டமா? அதுதான் கறைபடாத சான்று!" என்றார் சிவப்பணித் தலைவர். நீலவணித் தலைவர் அதை மறுக்க எழுந்ததால் நான் தப்பித்தேன்.

அதற்கடுத்த மாதம் லிஃப்ட் வேலையாகப் போயிருந்தபோது சிவப்பணித் தலைவர் காய்ச்சலில் படுத்திருந்தார். சபை இல்லை. ஆனால் நீலவணித் தலைவர் வந்திருந்தார். யாருமில்லாத அறையில், எதிரே இருந்த காலி நாற்காலியைப் பார்த்தபடி, குறிப்புத் தாள்களை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் கருவிப் பையோடு வாசலைக் கடந்தபோது கூப்பிட்டார்.

"மெக்கானிக், அவர் எப்ப வருவாராம்? ஏதாவது சொன்னாங்களா?"

"தெரியலைங்க."

"நேத்திக்கு ராத்திரியே அவருக்குச் சொல்ல நல்ல பதிலா எனக்கு ஒண்ணு தோணுச்சு" என்றார். பிறகு தாள்களை அடுக்க ஆரம்பித்தார். எனக்கு அவர்மேல் பொறாமையாக இருந்தது. சண்டை போடவாவது அவருக்கு ஒரு ஆள் இருக்கிறார்.

மூன்று வாரம் கழித்து வீட்டுக்கு ஒரு பார்சல் வந்தது. கூடவே உத்தரவு.

'தங்கள் விண்ணப்பத்தின் பதினான்காம் கட்டத்தில் துணைக்கருவி கோரியிருந்தது தொடர்பாக, மன்றம் ஏழு அமர்வுகளில் விவாதித்துத் தங்களுக்குத் துணை ஒன்றை வழங்குகிறது. துணையை ஈரம் படாமல் வைத்துக்கொள்ளவும். துணை பழுதடைந்தால் மாற்றித் தரப்பட மாட்டாது.'

பெட்டியைப் பிரித்தேன். பாதி சிவப்பும் பாதி நீலமுமாக ஒரு ஜாய்ஸ்டிக். அப்போதுதான் புரிந்தது, அந்தக் கட்டத்தில் கேட்டது என்னவென்று. கொஞ்ச நேரம் சிரித்தேன். சிரிப்பு நிற்காமல் வேறெதுவாகவோ ஆகிவிட்டது. பிறகு அதை என் பெட்டியில் செருகிப் பார்த்தேன். முனை பொருந்தவில்லை. வீட்டில் இப்போது ஜாய்ஸ்டிக் மூன்று, கை இரண்டு.

சனிக்கிழமை மாலை வாசல் மணி அடித்தது. பதிவு குமாஸ்தா, கையில் கோப்போடு.

"துணை இயங்குதான்னு நேர்ல பார்த்து எழுதணும். எழுதினாத்தான் கோப்பை மூட முடியும்."

"இது என் பெட்டியில செருகவே மாட்டேங்குதுங்க."

அவர் முகம் வாடிவிட்டது. படிவத்தைத் திருப்பித் திருப்பிப் படித்தார். பிறகு தெளிந்தார். "துணை இயங்குதான்னுதான் கேட்டிருக்கு. எந்தத் துணைன்னு கேக்கல. செருகற மாதிரி வேற ஏதாவது இருக்கா?"

அவளுடைய ஜாய்ஸ்டிக்கை எடுத்துக் கொடுத்தேன். குதிக்கிற பட்டன் கண்ணாடி இல்லாமலும் தெரிய வேண்டும் என்று நகப்பூச்சால் சிவப்பாக ஒரு பொட்டு வைத்திருந்தாள். குமாஸ்தா அந்தப் பொட்டைச் சந்தேகமாகப் பார்த்தார். "இது சிவப்பணியோடது இல்லையே?" இல்லை என்றேன். சோபாவில் அவள் இடத்தில் முதுகு சாயாமல் உட்கார்ந்தார். நான் பெட்டியைப் போட்டேன். படம் நடுங்கி நடுங்கி நின்றது. தவளை, கோழி, பாலம். கோழிக்கு மேலே ஏழு.

"சோதனை ஒண்ணு: தாவும் பட்டன்" என்று படித்தார். "விதிப்படி மூணு எண்ணி அமுக்கணும். தயாரா?"

தலையாட்டினேன்.

"ஒன்று. இரண்டு. மூன்று."

பத்தொன்பது வருஷமாக எதையும் அதற்குரிய எண்ணுக்கு முன்னால் செய்தறியாத மனிதர். மூன்றிலேயே அமுக்கினார், மயிரிழை முந்தவில்லை, பிந்தவில்லை. தவளையும் கோழியும் சேர்ந்து எழும்பின. பலகைகள் அறுபடவில்லை. பாலம் பின்னால் போய்விட்டது. திரையில் முப்பத்திரண்டு என்று வந்தது. பச்சை வானம், வெள்ளையாக ஒரு குளம், அதில் மிதக்கிற படிகள். இப்படி ஒரு இடம் அந்தக் கேசட்டுக்குள் இருக்கும் என்று நாங்கள் நினைத்ததே இல்லை.

"ஏய், இங்க பாரேன்!" என்று பக்கத்தில் திரும்பினேன்.

குமாஸ்தா இருந்தார். ஜாய்ஸ்டிக்கை இரண்டு கையாலும் பிடித்தபடி வாயைப் பிளந்து திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பதினாறு வருஷத்தில் அவள் பார்க்காத முதல் இடம் அது. அவளுடைய கோழியை அவள் இல்லாமல் நான் அங்கே கொண்டுவந்து விட்டேன். அந்தப் பாலத்தைத் தாண்டவே வேண்டாமே என்று தோன்றியது. ரெண்டிலேயே குதிக்கிற ஒருத்தியோடு இன்னும் ஆயிரம் முறை விழுந்திருக்கலாம்.

"அந்தக் கோழி நான்தானா?" என்றார் குமாஸ்தா மெதுவாக.

"ஆமாங்க."

"இதைப் பத்தியா நாங்க இத்தனை வருஷமா பேசிட்டிருக்கோம்?" உடனே அறையைச் சுற்றிப் பார்த்துக்கொண்டார். "தலைவர்கிட்ட சொல்லிடாதீங்க." ஜாய்ஸ்டிக்கை மேஜைமேல் வைத்துவிட்டுப் பேனாவை எடுத்தார். "சரி. துணை இயங்குது. ஆமான்னு போடறேன்."

"இல்லைன்னு போடுங்க."

"இப்பதானே குதிச்சுது?"

அந்நேரம், யாரும் தொடாததால், கோழி தவளை பக்கம் திரும்பி இரண்டு முறை கொக்கரித்தது. குமாஸ்தா அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தான் உட்கார்ந்திருந்த இடத்தைக் குனிந்து பார்த்துவிட்டுச் சட்டென்று எழுந்துகொண்டார். பேனாவை மூடிவிட்டுக் காதோரப் பென்சிலை எடுத்து 'இல்லை' என்று எழுதினார்.

"இல்லைன்னா கோப்பை மூட முடியாது. அடுத்த மாசமும் நான் வந்து பார்க்கணும்."

"வாங்க. பேட்டரி அதுவரைக்கும் தாங்குமான்னு தெரியல."

"தாங்காட்டியும் வந்துதான் எழுதணும்" என்றார். செருப்பை மாட்டிக்கொண்டு, வாசலில் ஒரு கணம் நின்று, திரையை இன்னொரு தரம் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

நான் கதவைச் சாத்திவிட்டு வந்து என் இடத்தில் உட்கார்ந்தேன். ஜாய்ஸ்டிக்கை எடுத்துத் தவளையைக் கோழியின் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினேன். எதிரே முதல் படி மிதந்துகொண்டிருந்தது.

"ஒண்ணு, ரெண்டு" என்றேன்.

கோழி குதிக்கவில்லை.